பாலைவழிச் செல்வோர்க்கு

கல்லூரியில் யாம் தமிழ் பயின்ற காலத்தில், ஐந்திணையுள் பாலை ஒன்றே எமக்குப் பிடிபடாதிருந்தது. மலையும் காடும் வயலும் கடலும் இலங்கைச் சிறுவனுக்குப் புதியன அல்ல. பாலை எங்கே உள்ளது என்று வினவியபோது, “மணற்காட்டுக்குப் போய்ப் பார்” என்று ஆசிரியர் நகைத்தார். போய்ப் பார்த்தோம். மணல்மேடுகளின் அப்பால் கடல் கிடந்தது. ஆதலின் அது பாலையன்று என்று திரும்பினோம். உண்மையான பாலையை யாம் கண்டது 2018 ஆம் ஆண்டில், ஓமான் நாட்டில்.

இன்று நம் பழைய மாணவர் பலர் தொழில் நிமித்தமும் உறவினரைக் காணும் பொருட்டும் அராபிய நாடுகளுக்குச் செல்கின்றனர். முதன்முறை செல்வோர்க்குப் பயன்படும் சிலவற்றை, எம் பிழையையும் மறையாது, இம்மலரிற் கூற விழைகின்றோம்.

முதலிற் காலம். கார்த்திகை தொடக்கம் மாசி வரையுள்ள மாதங்களே உகந்தவை. கோடையில் உள்நாட்டு வெப்பம் 45 பாகை செல்சியஸைக் கடப்பதுண்டு. குளிர்கால இரவுகளில் மணல் விரைவிற் குளிர்ந்துவிடுமாதலின், கம்பளிச் சட்டை ஒன்றும் வேண்டும். நம் நாட்டில் வியர்வை வழிவதைக் கண்டு நீர் அருந்துகின்றோம். அங்கோ வறண்ட காற்றில் வியர்வை தோன்றுமுன்னே உலர்ந்துவிடும். உடல் நீரிழப்பதை உடையவனே அறியான். தாகம் வருமுன்னரே அருந்துக.

அடுத்து ஒழுக்கம். தோளும் முழங்காலும் மறைய உடுத்தல் இருபாலார்க்கும் நன்று. ரமழான் மாதத்துப் பகலில் பொதுவிடங்களில் உண்ணலும் பருகலும் ஆகா. பெண்களை உடன்பாடின்றிப் படம் பிடித்தல் பெரும் பிழை. மஸ்கற்றில் 2001 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுல்தான் கபூஸ் பெரும் பள்ளிவாசலை, வெள்ளி தவிர்ந்த நாட்களின் முற்பகலிற் பிற சமயத்தாரும் பார்வையிடலாம். மகளிர் தலையை மூடிச் செல்லல் வேண்டும். நம்மவர் வழிபடப் பழைமையான சிவன் கோயிலும் அந்நகரில் உண்டு. வலிநீக்கும் மருந்துகளுட் சிலவும் உறக்க மருந்துகளும் அங்கு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவரின் கடிதமின்றிக் கொண்டு செல்லற்க.

பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் கோப்பியும் தந்தே விருந்தினரை வரவேற்பர். வலக்கையால் ஏற்க. பிடியற்ற அச் சிறு கிண்ணம் வெறுமையாகுந்தோறும் மீண்டும் வார்ப்பர்; போதுமெனின் கிண்ணத்தை மெல்ல அசைத்துக் கொடுத்தல் வேண்டும். இதனை அறியாது யாம் முதல் வீட்டில் ஏழு கிண்ணம் பருகினோம்.

‘வாதி’ என்னும் வறண்ட ஆற்றுப்படுகைகளில் மரநிழல் கண்டு தங்கற்க. தொலைவிலுள்ள மலையிற் பெய்த மழை, வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாய் வந்து வாரிச் செல்லும். ஓடும் வாதியை வண்டியிற் கடக்க முயல்வது அந்நாட்டிற் தண்டனைக்குரிய குற்றம்.

எம்மைப் பெரிதும் கவர்ந்தது நிஸ்வா நகரிலுள்ள ‘பலஜ் தாரிஸ்’ என்னும் வாய்க்கால். நிலத்தடி நீரையும் ஊற்று நீரையும் பொறி எதுவுமின்றி, நிலச் சாய்வொன்றாலேயே ஊருக்குக் கொணரும் இத்தகைய வாய்க்கால்கள் ஏறத்தாழ 3000 இன்றும் பயன்படுகின்றன. அவற்றுள் இதனோடு ஐந்து, 2006 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. பகலிற் சூரியனையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து, வயல்களுக்கு நீர்ப்பங்கைக் காலத்தால் அளந்தனர். நம் ஊர்ப் பங்குக் கிணற்றின் முறையிறைப்பு எமக்கு நினைவில் வந்தது. ஆயினும் அங்கு பங்கு தொடங்குமுன் ஒரு விதி உண்டு: வாய்க்கால் ஊருக்குள் நுழையும் இடத்து நீர், குடிக்க வருவோர் எல்லார்க்கும் உரியது.

மறுநாள் மஸ்கற்றிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிதியாவை அடைந்து, ஷர்க்கியா மணற்பரப்பினுட் புகுந்தோம். சித்திரை மாதம், விடுமுறை அப்போதே வாய்த்தது. வண்டியோட்டிய எம் மருமகன், வழிகாட்டி ஒருவரை அழைக்கவும் ரயர்களின் காற்றைக் குறைக்கவும் வேண்டும் என்றான். “சிறிது தூரந்தானே” என்று விரைவுபடுத்தினோம். அரைமணி நேரத்திற் சில்லுகள் புதைந்தன. மேலும் முடுக்கச் செய்தோம், அச்சுவரை புதைந்தன. கைப்பேசிக்குத் தொடர்பில்லை. இருந்தவை இரண்டு போத்தல் நீர். எம் இல்லாள் நீரிழிவு நோயர். நான்கு மணியளவில் நீர் தீர்ந்தது. அவர் சொற்கள் குழறலாயின. உதவி தேடி நடக்க முற்பட்டோம். மருமகன் எம் கையைப் பற்றி நிறுத்தினான். வண்டிக்கு நிழலுண்டு, தேடுவார் கண்ணுக்கும் வண்டியே தெரியும். நடந்திருப்பின் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

பொழுது சாயுமுன் சிறு பாரவண்டியில் முதிய பெதூயின் ஒருவர் வந்தார். புதைந்த வண்டியை அவர் ஏறிட்டும் பார்த்திலர். நீர்க்கலத்தை எடுத்து, எம் இல்லாளுக்குச் சிறிது சிறிதாகக் குடிப்பித்தார். அவர் தெளிந்த பின்னரே நான்கு ரயர்களின் காற்றையும் குறைத்து, மணலைக் கையால் வாரி, வண்டியைத் தாமே வெளியேற்றினார். தம் கூடாரத்துக்கு அழைத்துச் சென்று கோப்பி தந்தார். யாம் பணம் நீட்டியபோது அவர் முகம் வாடிற்று. வழியில் அகப்பட்டவரிடம் விலை கொள்வதில்லை என்று அவர் கூறியதை மருமகன் மொழிபெயர்த்தான். எம் பெயரையும் ஊரையும் அவர் வினவியது மூன்றாங் கிண்ணத்தின் பின்னரே.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நம் ஊர்க் கிணற்றடியில், தாகத்தோடு வந்தவனை இன்னானென்று அறிந்த பின்னரே, அதுவும் எட்ட நின்று, கையில் நீர் வார்த்ததை யாம் இளமையிற் கண்டதுண்டு; கண்டும் வாய் திறந்ததில்லை. அம் முதியவரின் கலம் அவ்வினாவை எழுப்பவில்லை.

ஆதலின் மாணவ நண்பர்காள், பாலைக்குச் செல்லும்போது வழிகாட்டியை அழைத்துச் செல்க. இரு வண்டிகளாகச் செல்க. உள்ளூரார் சொற் கேட்க. இருவர்க்கு வேண்டிய நீரை மூவர்க்கென எடுத்துச் செல்க. அம் மூன்றாமவர் யாரென்று கேளற்க.