எடைக்கருவி இல்லாத வீட்டில் இதய நோயாளி

இதயச் செயலிழப்பு, அதாவது உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இதயத்தால் இறைத்துக் கொடுக்க முடியாத நிலை, உள்ளவருக்கு வார்டில் போடப்படும் ஊசிகள் நுரையீரலிலும் காலிலும் தேங்கிய நீரை வடித்துவிடுகின்றன; ஆனால் அந்த நீர் மறுபடி சேராமல் பார்த்துக்கொள்ளும் வேலை, வீடு திரும்பிய பிறகு நோயாளியுடையதாகவும் அவர் வீட்டாருடையதாகவும் ஆகிவிடுவதால், அதைக் கற்றுக்கொடுப்பதையும் சிகிச்சையாகவே கொள்ள வேண்டும். மருத்துவர் சொன்னதைச் செவிலியர் திருப்பிச் சொல்வதுதானே என்று அதை எண்ணும் வழக்கம் மருத்துவமனைகளில் இன்னும் போகவில்லை. 2005இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்றில், 223 நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு வீடு செல்லுமுன் செவிலியர் தனியே ஒரு மணி நேரம் கற்பித்ததில், அடுத்த 180 நாள்களில் அவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதோ இறப்பதோ மற்றவர்களைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. திருவனந்தபுரத்தில் 2013இல் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பதிவேட்டில் ஓராண்டுக்குள் பத்தில் மூவர் இறந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு விளங்கும்.

சமவெளிக்காக அச்சடித்த கையேடுகள், கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலைமேல் உள்ள செம்மேட்டை அடைவதற்குள் பாதிக்குப் பாதி பயனற்றுப் போகின்றன. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்பது கையேட்டின் கேள்வி. பாயில் கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுப்பவரிடம், படுத்தால் மூச்சு முட்டுகிறதா, நள்ளிரவில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறீர்களா என்றுதான் கேட்க வேண்டும். எத்தனை மாடிப்படி ஏறுகிறீர்கள் என்பதும் அப்படியே. மேட்டில் ஏறினால் எல்லோருக்கும் இளைக்கத்தான் செய்யும் என்று மூச்சுத்திணறலைப் பொருட்படுத்தாத ஊரில், மிளகுக் கொடிக்குப் போகும் பாதையில் முன்பு எங்கே நின்றீர்கள், இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால்தான் நோயின் போக்கு பிடிபடும்.

இவை எல்லாவற்றையும்விட விடாமல் தொல்லை கொடுப்பது எடைதான். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையன்று, நீர். காலில் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் உடலில் பல லிட்டர் சேர்ந்துவிடும் என்பதால், முதலில் எச்சரிப்பது எடையே. காலையில் சிறுநீர் கழித்த பின், எதுவும் உண்ணுமுன், ஒரே மாதிரி உடையில், ஒரே கருவியில் நிற்க வேண்டும் என்ற விதியைச் சொல்வது எளிது. கருவியே இல்லாத வீட்டில் அந்த விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாங்க முடிந்தவர்களுக்கும் சிக்கல் உண்டு: சாணம் மெழுகிய மேடுபள்ளமான தரையில் முள் ஒரு நாள் ஒன்றைக் காட்டும், மறுநாள் வேறொன்றைக் காட்டும்; ஆகவே தட்டையான பலகையோ கல்லோ போட்டு, அதன் இடத்தை மாற்றாமல் வைக்கச் சொல்ல வேண்டும். வாங்க இயலாதவர்களுக்குத் துணைச் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு எடை பார்க்கும் கருவியோ, மிளகும் காபியும் கொள்முதல் செய்யும் கடையின் தராசோ வாரம் இருமுறை போதும். மூட்டையை நிறுத்தே காலம் கழித்தவர்களுக்கு இரண்டு கிலோவின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. இடைப்பட்ட நாள்களுக்கு உடலே அளவுகோல். அரைஞாண் கயிறு வழக்கத்தைவிட இறுகுகிறதா, மெட்டி விரலில் பதிகிறதா, முன்காலெலும்பின் மேல் பெருவிரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிட்டால், அவர்கள் அதை மறப்பதேயில்லை. இந்த அரைஞாண் கேள்வி எந்தப் பாடநூலிலும் அச்சாகியிருக்காது. செவிலியர் தொழிலின் அறிவில் பெரும்பகுதி இப்படி அச்சேறாததுதான்.

நீர் மாத்திரை, அதாவது சிறுநீரைப் பெருக்கித் தேங்கிய நீரை வெளியேற்றும் ஃபுரூசமைடு, தவறும் நாள்கள் பெரும்பாலும் பேருந்துப் பயண நாள்களே. வளைவுகளுக்கு நடுவே இறங்க வழியில்லை என்று அஞ்சி, வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் அன்றே அதை விழுங்காமல் வருகிறவரைத் திட்டிப் பயனில்லை. மருத்துவரிடம் கேட்டு, அன்று மட்டும் வீடு திரும்பிய பின் பிற்பகலில் போட்டுக்கொள்ள நேரம் குறித்துக் கொடுத்தால், அந்த நாள் மருந்தில்லாமல் கழியாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் நீரைத் தேக்குபவை என்பதையும் இதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். உப்பைப் பொறுத்தவரை, களியிலும் குழம்பிலும் போவது உட்பட நாளுக்கு ஒரு தேக்கரண்டியைக் காலையிலேயே தனியே எடுத்து வைப்பதும், கருவாட்டையும் ஊறுகாயையும் விடுவதும் போதும்.

அண்மைக் காலத்தில் கற்பிக்கும் இந்த வேலை, படிவத்தில் 'நோயாளிக்கு விளக்கப்பட்டது' என்ற கட்டத்தில் ஒரு குறியாகச் சுருங்கிவிட்டது. இளம் செவிலியர் கைப்பேசியில் ஒரு காணொளியை ஓட்டிக் காட்டி, "புரிஞ்சுதா?" என்று கேட்க, "புரிஞ்சுதுங்க சிஸ்டர்" என்று பதில் வர, பாடம் முடிகிறது. மரியாதைக்காகச் சொல்லப்படும் அந்தப் பதிலுக்கு எந்தப் பொருளும் இல்லை என்பதை முன்பு பயிற்சியின் முதல் மாதத்திலேயே கற்பித்தார்கள். "வீட்டுக்குப் போய் உங்க மருமகளுக்கு இதை எப்படிச் சொல்லுவீங்க, இங்கயே சொல்லிக் காட்டுங்க" என்று கேட்டு, தவறுமிடத்தில் திருத்தி, மறுபடி சொல்ல வைப்பதே முறை; அதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தை ஒதுக்காத நிர்வாகங்களே பிறகு மறுசேர்க்கை ஏன் கூடுகிறது என்று செவிலியரைக் கேட்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. அவற்றைக் கொண்டுபோகும் ஊழியர் திண்ணையில் உட்காரும்போது நோயாளியின் காலையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க அதிகச் செலவு ஆகாது. அதைவிடவும் செலவில்லாத ஒன்றுகூடப் பல இடங்களில் நடப்பதில்லை: இதயத்தின் இறைக்கும் திறனை எக்கோவில் அளந்து சதவீதமாக டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் முதல் பக்கத்தில் அச்சிடுகிறார்கள்; ஆனால் நீர் வடிந்த பின் நோயாளி எந்த எடையோடு வீடு போனார் என்பதை, அடுத்து அவரைப் பார்க்கப்போகும் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கு முதலில் தேவைப்படும் அந்த ஓர் எண்ணை, யாரும் எழுதுவதில்லை.