கருவாயனின் தண்ணீர்ச் சட்டி

கறுத்த மூஞ்சியில் நரை விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். மற்றதெல்லாம் ஒளிந்தே வரும். அதிலும் நம்ம தேவாரத்துக்குப் பக்கத்து ஊரான கோம்பையின் பேர் சுமந்த நாய் ஜாதி, பன்றி விரட்டிய வம்சம். வலியை லேசில் காட்டாது.

ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப் சத்தம் கேட்டால் திண்ணையை ஒரே தாவாகத் தாண்டிய எங்கள் கருவாயன், இப்போது படி வழியாக இறங்குகிறான். மூட்டு. கண்ணில் நீலப் புகை படர்ந்ததைப் புரை என்று அம்மா பயந்தார். வயதில் லென்ஸ் இறுகினாலும் அப்படித்தான் தெரியும், பார்வை அவ்வளவாகக் கெடாது என்றார் டாக்டர்.

என்னை உறுத்தியது தண்ணீர்ச் சட்டி. மார்கழிக் குளிரிலும் மதியத்துக்குள் காலி. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் ரத்தமும் சிறுநீரும் பார்த்தாக வேண்டுமாம். சிறுநீரகம் முக்கால்வாசி கெட்ட பிறகுதான் கிரியாட்டினின் ஏறும். சட்டி அதற்கு முன்பே சொல்லிவிடும். “வயசாயிருச்சுல்ல” என்று சொல்லிச் சொல்லியே பாதி நோயை மூடி வைக்கிறோம்.

கருவாயன் 20 கிலோ. இரண்டு லிட்டரைத் தாண்டிவிட்டான். நாளை தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி. காலைச் சிறுநீரை எப்படிப் பிடிப்பது, அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள். குழம்புக் கரண்டி வரை யோசித்தாயிற்று, அம்மா தர மறுக்கிறார்.