கண் கண்டதா, பழக்கம் கண்டதா?

ஆயிரத்தில் ஐந்து! பணக் கணக்கல்ல தோழர்களே, காலக் கணக்கு. ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஐந்தே கூறு! 2024 ஆகஸ்டு 4 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கின் நூறு மீட்டர் ஓட்டத்தில், அமெரிக்காவின் நோவா லைல்ஸையும் ஜமைக்காவின் கிஷேன் தாம்சனையும் பிரித்தது அவ்வளவுதான். முன்னவர் 9.784 நொடி, பின்னவர் 9.789 நொடி.

துப்பாக்கி முழங்கிற்று. முப்பதாவது மீட்டரில் எட்டுப் பேருள் கடைசியாக இருந்தவர் லைல்ஸ். பிறகு ஒவ்வொருவராய் முந்தினார். எல்லைக்கோட்டை இருவரும் ஒன்றாகவே கடந்தனர். வென்றவர் தாம்சன் என்றே லைல்ஸும் எண்ணினார்! தாம்சனின் கால் முன்னே சென்றது மெய்தான். ஆனால் தலையையும் கையையும் காலையும் விதி கணக்கில் கொள்வதில்லை, உடல் முந்தவேண்டும். நொடிக்கு 40,000 படம்வரை எடுக்கவல்ல கருவி, முந்திய உடல் லைல்ஸுடையது என்று காட்டிற்று. கண் தயங்கிய இடத்தில் கருவி பேசிற்று!

அந்தப் படத்தைக் கண்டபோது நான் மகிழவில்லை, தலைகுனிந்தேன். ஏன்?

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் எல்லைக்கோட்டு நடுவராக நின்றவன் நான். இரு மாணவர்கள் தோளோடு தோளாக வந்தனர். ஆண்டுதோறும் வென்றவன் ஒருவன். அதுவரை எவரும் பெயர்சொல்லி அழைத்திராதவன் மற்றொருவன். பழகிய பெயரையே அறிவித்தேன். கைதட்டல் ஓய்ந்தபின் மற்றவன் மெல்ல வந்து கேட்டான்: "ஐயா, நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்" என்றேன். பொய்! பார்த்தது கண்ணல்ல, பழக்கம். நேற்று வென்றவன் இன்றும் வெல்வான் என்று மனம் எழுதிவைத்த தீர்ப்பை வாய் படித்தது, அவ்வளவே.

1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் இத்தகைய நெருக்கடி நேர்ந்தது. கறுப்பின வீரர்களான எட்டி டோலனும் ரால்ப் மெட்காஃபும் ஒருசேர முடித்தனர், இருவருக்கும் 10.3 நொடி. நடுவர்கள் படச்சுருளை ஆராய்ந்தபின்னரே டோலனுக்கு வெற்றி அளித்தனர். நான்காண்டுக்குப் பின் பெர்லினில் மெட்காஃப் மீண்டும் இரண்டாமவர். ஜெஸ்ஸி ஓவன்ஸ் பத்தில் ஒரு நொடியில் முந்தினார். அதே பெர்லினில் இருவரும் ஒரே அணியில் தொடரோட்டம் ஓடிப் பொற்பதக்கம் வென்றனர். போட்டி வேறு, பகை வேறு!

வென்றவனுக்குப் பதக்கம் போதும். தோற்றவனுக்கே சான்று தேவை. மெட்காஃபுக்குப் படச்சுருள் இருந்தது. தாம்சனுக்கு நிழற்படம் இருந்தது. என் மாணவனுக்கு என்ன இருந்தது? ஆசிரியனின் வாய்ச்சொல் ஒன்றே!

பாரிஸ் படத்தை வகுப்பில் காட்டிய நாளன்று, அவனை எழச்செய்து, அனைவரும் கேட்கச் சொன்னேன்: "தம்பி, அன்று நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்றது பொய்." வகுப்பு வாயடைத்தது. முதற்பரிசு பெற்றவனே எழுந்து, "மீண்டும் ஓடுவோம் ஐயா" என்றான்.

அன்று மாலை ஓடினர். கோட்டின் இருபுறமும் மாணவர்களை நிறுத்தினேன். இம்முறை தோற்றவன், மற்றவன் ஓரடி முந்தினான் என்று தானே சொன்னான். பெயரறியாச் சிறுவனின் பெயர் அன்று பள்ளியெங்கும் ஒலித்தது.

இளைஞனே! "பார்த்தேன்" என்று சொல்லுமுன் உன்னையே கேள்: கண்டது கண்ணா, பழக்கமா?