சிரித்தவர்களில் ஒருவன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாட்டியப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்து ஒரு படம் போட்டுக் காட்டினார். ருஷ்யப் பாலே என்றார். பாலே என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளை உடை உடுத்த பெண்கள் கால்விரல் நுனியில் நின்றுகொண்டு, பூமியோடு தங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போல மிதப்பார்கள் என்பதுதான். அந்த நினைப்போடு போய் உட்கார்ந்தேன்.

திரையில் வந்தவர்கள் மிதக்கவில்லை. முழங்காலை மடக்கி, பாதங்களை உட்புறமாகத் திருப்பி, முதுகு கூனி, கும்பலாக நின்று தரையை மிதித்தார்கள். குதித்தார்கள், ஆனால் இறங்குவதற்காகவே குதித்தது போல, முழு உடம்பின் கனமும் தெரிய 'தொம்' என்று இறங்கினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நண்பர் சிரிக்கவில்லை. "தாராளமாகச் சிரியுங்கள். 1913-ஆம் வருஷம் பாரிஸில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் உங்களைவிடப் பெரிய மனிதர்கள்" என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்த நாட்டியத்தை அமைத்த மனிதனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வாஸ்லாவ் நிஜின்ஸ்கி போலந்துக்காரர்களான நாட்டியத் தம்பதிக்குப் பிறந்து, பீட்டர்ஸ்பர்க் நகரத்து அரசாங்க நாட்டியப் பள்ளியில் பயின்றவன். அவன் துள்ளலைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. மேலே எழும்பினால் ஒரு கணம் ஆகாயத்திலேயே தங்கிவிட்டுத்தான் கீழே வருவான் என்றார்கள். 1909-இல் தியாகிலெவ் ருஷ்ய நாட்டியக்காரர்களைப் பாரிஸுக்கு அழைத்துப் போனபோது, ஊரே அந்தத் துள்ளலைப் பார்க்கத்தான் திரண்டது. 1911-இல், மேடை மரியாதைக்கு ஒவ்வாத உடை அணிந்தான் என்று சொல்லி ருஷ்ய அரசாங்க அரங்கம் அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் முழுக்க முழுக்கத் தியாகிலெவின் ஆள்.

இப்படிப்பட்டவன் தானே ஒரு நாட்டியம் அமைத்தால் என்ன செய்வான்? மேடை முழுக்கத் துள்ளித் தீர்த்துவிடுவான் என்றுதானே நாமெல்லாம் நினைப்போம்? 1912-இல் அவன் அமைத்த முதல் நாட்டியத்தில், பாதி ஆடும் பாதி மனிதனுமான ஒரு வனதேவதையாக வந்தான். பழைய கிரேக்கச் சித்திரங்களில் உள்ளவர்களைப் போல முகத்தைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு, ஒரே கோட்டில் நடந்தான். பத்து நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட அந்த ஆட்டத்தில் அவனுக்கு இருந்தது ஒரே ஒரு சின்னத் தாவல். எதற்காக ஜனங்கள் காசு கொடுத்து வந்தார்களோ, அதையே கொடுக்க மறுத்துவிட்டான். கல்யாணி பாடி ஊரைக் கட்டிப்போட்ட வித்வான் ஒருவர், இனி மூன்றே ஸ்வரங்களில்தான் பாடுவேன் என்று உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது.

அடுத்த வருஷம், 1913 மே 29-ஆம் தேதி, 'வசந்தத்தின் சடங்கு' அரங்கேறியது. சங்கீதம் ஸ்ட்ராவின்ஸ்கியுடையது, காட்சியும் உடைகளும் ரோரிக் என்ற ஓவியருடையவை. ஆதிகால ருஷ்யாவில், வசந்தம் திரும்புவதற்காகக் குலத்துப் பெரியவர்கள் பார்த்திருக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண் ஆடி ஆடியே உயிரை விடுகிறாள். கதை அவ்வளவுதான். பாலே இலக்கணத்தில் பாதம் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். இவன் உட்பக்கம் திருப்பினான். அதில் உடம்பு கனமற்றது போலத் தோன்ற வேண்டும். இவன் கனத்தைக் காட்டச் சொன்னான். எல்லோருடைய கண்ணும் நடுவில் நிற்கும் நாயகி மேல் பதிய வேண்டும். இவன் மேடையில் ஒரே சமயத்தில் நாலைந்து கும்பல்களை விட்டு, ஒவ்வொன்றையும் வெவ்வேறு கணக்கில் ஆட வைத்தான்.

அந்தக் கணக்குதான் ஆடுகிறவர்களின் பிராணனை வாங்கியது. அந்தச் சங்கீதத்தில் தாளம் அடிக்கு அடி மாறும். அதைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே மரீ ராம்பெர்ட் என்ற இளம்பெண்ணை வேலைக்கு அமர்த்தினார்கள். ஒத்திகைக்கு மேல் ஒத்திகை நடந்தது. ஆடுகிறவர்களோ முணுமுணுத்தார்கள். வருஷக்கணக்காகப் பாடுபட்டுக் கற்ற அழகையெல்லாம் மறக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

அரங்கேற்றத்தன்று, வாத்தியம் தொடங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம் சபையில் சிரிப்புக் கிளம்பியது. திரை தூக்கியதும் சிரிப்பு கூச்சலாயிற்று. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு வாத்தியம் காதில் விழவில்லை. நிஜின்ஸ்கி பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு, ருஷ்ய மொழியில் எண்ணிக்கையை உரக்கக் கத்தினான். ருஷ்ய மொழியில் பத்துக்கு மேற்பட்ட எண்களெல்லாம் நீளமானவை. அவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் தாளம் ஓடிவிடும். அவன் விழுந்துவிடாமல் இருக்க, ஸ்ட்ராவின்ஸ்கி பின்னாலிருந்து அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அவரே பிற்பாடு சொன்னது இது.

எனக்கு இந்தக் காட்சி மனத்தை விட்டுப் போகவே இல்லை. விதியை மீறியவன் என்று உலகம் சொல்லுகிறது. ஆனால் அந்த ராத்திரி அவன் நாற்காலி மேல் நின்று கத்தியது எதற்காக? ஒரு அடிகூடக் கணக்குத் தப்பக் கூடாது என்பதற்காக. பழைய விதியை எடுத்துப் போட்ட இடத்தில் அதைவிடக் கடுமையான ஒரு விதியை அவன் வைத்திருந்தான். அது சபையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாத விதி நமக்கு விதியில்லாமை போலத்தான் தோன்றும். உடனே சிரிப்பு வரும்.

பத்துக்கும் குறைவான தடவைகளே அது மேடையேறியது. அந்த வருஷமே நிஜின்ஸ்கி ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள, தியாகிலெவ் அவனை விலக்கினார். 1919-இல், சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டலில் விருந்தாளிகளுக்கு முன் கடைசி முறையாக ஆடினான். அதற்குள் சித்தம் கலங்கத் தொடங்கியிருந்தது. பிறகு முப்பது வருஷங்கள் ஆஸ்பத்திரிகளும் வீடுமாகக் கழித்து, 1950-இல் லண்டனில் இறந்தான். 1920-இல் அதே சங்கீதத்துக்குத் தியாகிலெவ் வேறொருவரைக் கொண்டு வேறு நாட்டியம் அமைத்துக்கொண்டார். பழையதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

அப்படியானால், இன்றைய நாட்டியத்தில் அவன் செல்வாக்கு என்று பேசுகிறார்களே, அது எந்த வழியாக வந்தது? இஸடோரா டங்கன் போன்றவர்கள் அவனுக்கு முன்பே பாலேக்கு வெளியே நின்று புதுவழி கண்டார்கள். அவன் உள்ளேயிருந்து சுவரை இடித்தான், அதுதான் வித்தியாசம். அங்கே உடனிருந்தவர்கள் மூலமாக அது பரவியது. அவன் தங்கை ப்ரோனிஸ்லாவா 1923-இல் அமைத்த கல்யாண நாட்டியத்தில், பெண்கள் கூட்டமாக ஒருவர்மேல் ஒருவர் தலை சாய்த்து நிற்கும்போது, அண்ணனின் கனம் அங்கே தெரிகிறது. தாளம் சொல்லிக்கொடுத்த மரீ ராம்பெர்ட் லண்டனில் ஒரு நாட்டியக் குழுவைத் தொடங்கினாள். 1966-இல் அந்தக் குழு நவீன நாட்டியத்துக்கே திரும்பியது. 1975-இல் ஜெர்மனியில் பீனா பௌஷ் மேடை முழுவதும் மண்ணைப் பரப்பி, அதே சங்கீதத்துக்கு ஆட வைத்தாள். அந்த மண்ணில் அழுந்திய பாதங்களுக்கு 1913-இல்தான் அனுமதி கிடைத்தது என்று நினைக்கிறேன்.

மறைந்த அசலையும் சிலர் விடவில்லை. மில்லிசென்ட் ஹாட்சன் என்ற பெண்மணியும் அவள் கணவர் கென்னத் ஆர்ச்சரும் பல வருஷம் தேடினார்கள். பியானோப் பிரதியில் ராம்பெர்ட் எழுதி வைத்த குறிப்புகள், அரங்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் ஓவியர் கிறுக்கிய கோட்டுச் சித்திரங்கள், பெட்டிகளில் தப்பிக் கிடந்த உடைகள், உயிரோடிருந்த சிலரின் ஞாபகம் என்று துண்டு துண்டாகச் சேர்த்து, 1987-இல் அமெரிக்காவில் ஜாஃப்ரி பாலே குழுவைக் கொண்டு மறுபடியும் மேடையேற்றினார்கள். நான் பார்த்துச் சிரித்தது அந்த வழியில் வந்ததுதான்.

இனி, சுட்டதற்குக் காரணம்.

இருபது வருஷங்களுக்கு முன்னால் ஓர் இளைஞன் என்னிடம் ஒரு நாவல் கொண்டுவந்தான். கையெழுத்துப் பிரதி. அத்தியாயம் கிடையாது. பேசுவது யார் என்று சொல்லவில்லை. ஒரு வீட்டில் ஏழெட்டுப் பேர் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாலு நண்பர்கள் இருந்தபோது நான் ஒரு பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தோம். அவன் வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டு, "முதலில் இலக்கணத்தைக் கற்றுக்கொள், தம்பி, அப்புறம் மீறலாம்" என்று உபதேசமும் செய்து பிரதியைக் கையில் கொடுத்து அனுப்பினேன். "சரி, சார்" என்று வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் பெயரை எந்தப் பத்திரிகையிலும் நான் பார்க்கவில்லை.

நண்பர் வீட்டிலிருந்து திரும்பிய இரவு அந்த நாவலின் சில இடங்கள் தாமாகவே நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு முறை குரல் மாறும்போதும் அந்த வீட்டில் எங்கேயோ ஒரு கதவு சாத்தப்படும். ஆம், கதவுச் சத்தம்தான் அவனுடைய கணக்கு. இருபது வருஷம் கழித்து எனக்கு அது புரிகிறது!

பழைய விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, அந்தப் பிரதியை மறுபடியும் படிக்க ஆசைப்படுவதாகத் தெரிவித்தேன். மூன்றாவது வாரம் ஒரு கார்டு வந்தது. சௌக்கியமாக இருப்பதாகவும், இரண்டு குழந்தைகள் இருப்பதாகவும் எழுதியிருந்தான். கடைசியில் ஒரு வரி: அந்தப் பிரதி தன்னிடம் இப்போது இல்லை, என்னிடம் ஏதேனும் நகல் இருக்குமா?

என்னிடம் எப்படி இருக்கும்? ஒரு தாள்கூடக் குறையாமல் நான்தானே திருப்பிக் கொடுத்தேன்!

நேற்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில், அன்று படித்ததில் எனக்கு ஞாபகம் உள்ளதை எழுதி வருகிறேன். இதுவரை ஒன்பது இடங்கள் தேறியிருக்கின்றன. அவற்றில் ஒன்று, சிரிப்பதற்காக நான் உரக்கப் படித்த பக்கம்; அதுதான் வரி பிசகாமல் அப்படியே வருகிறது.