மன்னிப்பின் இடம்

எங்கள் வாசகர் வட்டத்திற்கு வந்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன், கூட்டமொன்றில் தம் கவிதையை வாசித்தார். முடித்ததும் எங்களில் ஒருவர் எழுந்து, அது வேறொருவர் கவிதையின் நகல் என்றார். மற்றவர்கள் மறுக்கவில்லை, சிலர் சிரிக்கவும் செய்தோம். நாற்பது பேர் இருந்த கூடம் அது.

பிறகு பழைய இதழ்களைப் புரட்டியபோது, இரண்டு கவிதைகளுக்கும் தலைப்பைத் தவிர ஒற்றுமை ஏதுமில்லை என்று தெரிந்தது. எங்களில் இருவர் அவரைத் தேடிச் சென்று, தேநீர்க் கடையில் வைத்து வருத்தம் தெரிவித்தோம். பொறுமையாகக் கேட்டவர், "கூட்டத்துல சொன்னதைக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே, அண்ணே" என்றார். அதன்பின் அவர் வரவில்லை. வருத்தம் தெரிவித்த பிறகும் இப்படியா என்று எங்களுக்குச் சற்று மனத்தாங்கல்கூட இருந்தது.

கோமகட்டா மாரு கப்பலின் கதையைப் படித்தபோதுதான் அவர் சொன்னது விளங்கிற்று. 1914 மே 23 அன்று வான்கூவர் துறைமுகத்தை அடைந்த அக்கப்பலில் 376 இந்தியர்கள் இருந்தனர், பெரும்பாலோர் சீக்கியர். அவர்களும் பிரிட்டிஷ் பேரரசின் குடிகளே, கனடாவும் அப்பேரரசின் பகுதியே. ஆயினும், பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் வந்தவர்க்கே அனுமதி என்ற விதியைக் காட்டித் தடுத்தார்கள். இந்தியாவிலிருந்து அவ்வாறு நேரே செல்லும் கப்பலே அப்போது இல்லை. 24 பேரை மட்டும் இறங்கவிட்டு, இரண்டு மாதங்களுக்குப் பின் கப்பலைத் திருப்பி அனுப்பினர். செப்டம்பரில் கல்கத்தாவை அடுத்த பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர்.

2008 ஆகஸ்டில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், சர்ரே நகரப் பூங்காவில் நடந்த பஞ்சாபியர் விழாவொன்றில் மன்னிப்புக் கேட்டார். அவர் சென்றதும் சீக்கியத் தலைவர்கள் அதே மேடையில் ஏறி, இதை ஏற்பதற்கில்லை, நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும் என்றனர். கேட்டாயிற்று, மறுமுறை கேட்பதற்கில்லை என்றது அரசு. 2016 மே 18 அன்றுதான் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அப்பயணிகளைத் தடுத்த சட்டங்கள் பிறந்த இடம் அதுவே என்பது அவர் சொன்ன காரணம். அதற்குள் 102 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

பூங்காவில் சொன்னதும் மன்றத்தில் சொன்னதும் மன்னிப்புத்தான். ஆனால் பூங்காவில் சொன்னது அங்கிருந்தவர்களோடு நின்றுவிடும். மன்றத்தில் சொன்னது, தவறு பதிவான ஏட்டிலேயே திருத்தமாகவும் பதிவாகும்.

தேநீர்க் கடையில் நாங்கள் இறக்கி வைத்தது எங்கள் பாரத்தைத்தான். அன்று கூடத்தில் இருந்த நாற்பது பேரில் பெரும்பாலோருக்கு அவர் இன்னமும் கவிதை திருடியவர். அதை மாற்றும் சொல்லை அவர்களில் எவரும் எங்களிடமிருந்து கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் முதலில் இதைச் சொல்வதென முடிவு செய்திருக்கிறோம். அவருக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம். வருவாரா என்பது தெரியாது. வராவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். அன்று கேட்டவர்கள் அங்கே இருப்பார்கள்.