நூற்று இருபது நாள் கணக்கு

கல்லங்குறிச்சியிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்ட அன்று, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்புக் கூடுதல் என்று இரத்தப் பரிசோதனை காட்டியிருந்தது. உறுதிசெய்யப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அப்போது 16ஆவது வாரம்.

ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியை வயிற்றில் செலுத்திச் சிறிதளவு நீரை எடுத்தார்கள், சில நிமிடங்களே. குத்தியதைவிட உள்ளே இழுத்ததுதான் வலித்தது என்றார் எம் மனைவி. அரிதாகக் கருச்சிதைவு நேரலாம் என்று விளக்கி முன்னரே கையொப்பம் பெற்றிருந்தனர். ஆணா பெண்ணா என்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லமாட்டார்கள், கேட்பதும் தகாது.

எங்களை வாட்டியது நாள் கணக்கு. சீர்செய்ய இயலாத கடுங்குறையை நம்பத்தகுந்த மருத்துவக் குழு உறுதிசெய்து, பெற்றோரும் வேண்டினால், 120 நாள்களுக்கு முன் கருவைக் கலைக்கலாம் என 1990இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் பேரவை இடமளித்தது. அதன்பின் தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றி இல்லை. அந்நாள்கள் கரு உண்டானதிலிருந்து. மருத்துவரோ கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறார். அவர் கணக்கில் அது ஏறத்தாழ 19 வாரம். முழு முடிவு வரவோ இரண்டு மூன்று வாரங்கள்! மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும் எமக்கே விரல்விட்டு எண்ணுகையில் கை நடுங்கியது. நச்சுக்கொடித் திசுவை எடுக்கும் சோதனையை 11ஆவது வாரம் முதலே செய்யலாமாம். மருத்துவரிடம் தாமதமாகச் சென்றதால் அதனை இழந்திருந்தோம்.

“கலைப்பதற்கா பார்த்தோம்? என்ன பிள்ளை வருகிறது என்று அறிந்து ஆயத்தமாகத்தானே” என்றார் மனைவி. முடிவு வரும்வரை அக்கேள்வியை அவர் மறுபடி எழுப்பவில்லை. எமக்கும் விடை கூற நா எழவில்லை.