மூவருக்கு ஒரு குப்பி

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் ‘தேறல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் சொல்லி வருகிறோம். ‘தெளிந்த கள்’ என்கிறோம், மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். தெளிந்த கள் எப்படி இருக்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்களால் சொல்லியிருக்கவும் முடியாது. நாங்கள் மூவருமே தமிழ் முதுகலை பயின்றவர்கள். பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் ஓரளவு மனப்பாடமாகச் சொல்லக் கூடியவர்கள். ஆனால் அந்நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் வார்க்கப்படும் ஒன்றைப் பற்றி எங்கள் அறிவு முழுவதும் உரையாசிரியர்களிடம் கடன் வாங்கியது.

சென்ற கார்த்திகை மாதத்தில் அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்க்கும் வாய்ப்பு வந்தது. எங்களிடம் பயின்று, இப்போது எடின்பரோவில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது துணியில் சுற்றிய பழுப்புநிறக் குப்பி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். “ஐயா, இதில் கொத்தமல்லி போடுகிறார்கள். உங்கள் ஞாபகம் வந்தது” என்றார். ஆசிரியரைக் கொத்தமல்லியோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கும் மாணவர் கிடைப்பது அரிது.

அது ட்ராக்குவேர் மாளிகையின் ‘ஜாக்கபைட் ஏல்’. ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், இன்னர்லீதன் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கும் பழைய மாளிகை ட்ராக்குவேர். அங்கே வீட்டுக்குத் தேவையான பீரை வீட்டிலேயே காய்ச்சும் வழக்கம் இருந்தது. அதற்கான செப்புக் கொப்பரையை 1739இல் அமைத்திருக்கிறார்கள். பின்னர் அந்த வழக்கம் நின்றுபோய், காய்ச்சும் கூடம் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அடியில் மறைந்து கிடந்தது. மாளிகையின் உரிமையாளர் வரிசையில் இருபதாமவரான பீட்டர் மாக்ஸ்வெல் ஸ்டுவர்ட் 1965இல் அதைத் தூசி தட்டி, அதே கூடத்தில் மீண்டும் காய்ச்சத் தொடங்கினார். நுரைக்க வைப்பது இன்றும் ஓக் மரத் தொட்டிகளில்தான். 1745ஆம் ஆண்டின் ஜாக்கபைட் எழுச்சிக்கு 250 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 1995இல் கொத்தமல்லி விதை சேர்த்த இந்த வகையை உருவாக்கினார்கள். நூற்றுக்கு எட்டுப் பங்கு சாராயச் சத்து. குப்பியின் கொள்ளளவு 330 மி.லி.

ஸ்காட்லாந்தின் ஏல் வகைகளை முன்பு பீப்பாயின் விலையைக் கொண்டே அழைத்திருக்கிறார்கள்: அறுபது ஷில்லிங், எண்பது ஷில்லிங், தொண்ணூறு ஷில்லிங் என்று. விலை ஏற ஏறக் கனமும் கூடும். ஆகக் கனமானதைச் சிறு குப்பியில் அடைத்து விற்றதால் ‘வீ ஹெவி’ என்ற பெயர் நிலைத்தது. ‘சின்னக் கனத்தது’ என்று மதுரைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

குப்பியைப் பெற்றுக்கொண்டோமே தவிர, அதைத் திறக்க மூன்று வாரம் ஆயிற்று. காரணம் இருந்தது. எங்களில் ஒருவரின் அப்பா 1994இல் இறந்தார், குடியினால். அப்போது மகனுக்குப் பதின்மூன்று வயது. அவர் குடித்தது இன்னது என்று அந்த வீட்டில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. எது கிடைத்ததோ அது. சட்டையில் ஒரு வாடை, வாசலில் தள்ளாடும் ஒரு நிழல், அடுப்படியில் ஒடுங்கிக்கொள்ளும் அம்மா. அந்த வீட்டுக்குக் குடி என்றால் இவைதாம். நண்பர் ஆண்டுதோறும் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தை நடத்துகிறார். பத்துக் குறளையும் விளக்கிவிட்டு, குடிப்பவனைக் கண்டால் பெற்றவளின் முகமே வாடும் என்று வள்ளுவர் சொல்லும் இடத்தில் மட்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர்தான் சங்கப் பாடல்களின் தேறலையும் நடத்துகிறார். இரண்டும் ஒரே பாடத்திட்டத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வாய்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

“திறப்போம்” என்று கடைசியில் சொன்னவரும் அவரேதான். இடமும் அவர் வீட்டு மொட்டை மாடி. ஒத்தக்கடையில் அந்த மாடியிலிருந்து பார்த்தால் யானைமலை படுத்திருப்பது தெரியும்; இன்னொரு பக்கம் கண்மாய்க் கரையில் மிச்சமிருக்கும் பனைகள் தெரியும். கீழே அம்மா இருந்தார். இத்தனை வயதில் திருடர்களைப் போல ஓசையில்லாமல் படியேறினோம்.

இந்த ஏலைக் குளிரக் குளிரக் குடிக்கக் கூடாதாம். பன்னிரண்டு பதின்மூன்று பாகை வெப்பத்தில்தான் அதன் மணம் அவிழும் என்று மாணவர் சொல்லியிருந்தார். நம் ஊரில் பீர் என்றால் பல் கூச வேண்டும் என்பது நெறி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் மாடிச் சுவரில் வைத்திருந்தோம். பிறகு மூன்று கண்ணாடிக் குவளைகளில் சமமாக ஊற்றினோம். ஆளுக்கு 110 மி.லி. கோப்பித்தூள் வாங்கும் கவனத்தோடு அளந்தோம்.

நிறம் கருஞ்சிவப்பு. பதநீர் கொதித்துப் பாகாகும் முன் ஒரு நிறத்துக்கு வருமே, அது. மேலே மெல்லிய நுரை. அது சீக்கிரமே ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. முகர்ந்தபோது முதலில் வந்தது கருப்பட்டி. அதில் மூவருக்கும் ஐயமில்லை. அதன் பின்னால் உலர்ந்த திராட்சை, பழைய மரப்பெட்டியைத் திறந்தால் எழும் வாசம். கொத்தமல்லியைத் தேடினோம், மூக்குக்கு அகப்படவில்லை. ஒரு மிடறு விழுங்கிய பிறகு, சாம்பாருக்கு வறுக்கும் வாணலியிலிருந்து வருவது போல, உள்ளிருந்து மேலே வந்தது. முதலில் இனிப்பு, நடுவில் சற்றே துவர்ப்பு, கடைசியில் நாக்கின் அடியில் நின்றுபோகும் கைப்பு. விழுங்கியபின் நெஞ்சில் ஒரு வெதுவெதுப்பு மெதுவாகப் பரவியது.

கருப்பட்டி மணம் தற்செயல் அன்று. பதநீரைக் காய்ச்சும்போது சர்க்கரை கருகும் எல்லைக்கு வந்து நிறமும் மணமும் பெறுகிறது. கனத்த ஸ்காட்லாந்து ஏலிலும் முளைத்தானியச் சாற்றை நெடுநேரம் கொதிக்கவைக்கிறார்கள். கைப்புப் பூவான ஹாப்ஸைக் குறைவாகவே சேர்க்கிறார்கள். எனவே பாகின் இனிமை மேலே நிற்கிறது. சாயல்குடிக் கொட்டகையும் ட்ராக்குவேர் கூடமும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

அப்போதுதான் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும்போது அவர்கள் மது சமைக்கும் முறையை வரிசைப்படுத்துகிறார். அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற வாயுடைய பாத்திரத்தில் ஆற்றி, ‘நல்லடை’ என்ற ஒன்றைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். நல்லடை என்றால் என்ன? மதுரைக்காரரான நச்சினார்க்கினியர் நெல்முளை என்று உரை சொல்கிறார். உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டை அவ்வுரையோடு பதிப்பித்த நாள்முதல் இது நம் கண்முன் இருக்கிறது. நாங்களும் ‘நெல்முளை’ என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம்.

ஏன் முளை? தானியத்தின் மாவு தானாக நுரைக்காது. அது முதலில் சர்க்கரையாக வேண்டும். தானியம் முளைவிடும்போது தன் மாவைத் தானே கரைத்துக்கொள்ள ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்த முளையை இடித்துக் கூழில் கலந்தால் கூழும் இனிக்கத் தொடங்குகிறது, இனித்தபின் நுரைக்கிறது. வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி ஸ்காட்லாந்தில் செய்வதும் இதுவேதான். கள்ளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பனையின் சாறு ஏற்கெனவே இனிப்பு, பாளையிலிருந்து கலயத்தில் சொட்டும்போதே காற்றின் நுண்ணுயிர் பட்டுப் புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவினால்தான் பதநீராக நிற்கும். ஆகவே வலைஞர் வீட்டுச் சாடியில் விளைந்தது கள் அன்று. நாங்கள் கையில் வைத்திருந்ததற்குப் பங்காளி முறை. ‘கள்’ என்று ஒரே சொல்லால் நாங்கள் உரை எழுதி மூடிவிட்ட இடத்தில் புலவர்கள் நறவு, மட்டு, தோப்பி, அரியல், பிழி, தேறல் என்று பிரித்துப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாக்கு இருந்தது.

பாம்பின் சினத்தைப் போன்றது என்று சிறுபாணாற்றுப்படை ஒரு தேறலைச் சொல்கிறது. தேள் கொட்டினாற்போல் கடுப்பது என்று நாள்பட்ட தேறலை ஔவையார் சொல்கிறார். மண்ணில் புதைத்து முதிரவைத்ததைக் கபிலர் பாடுகிறார். உயர்வுநவிற்சி என்றே கற்பித்திருக்கிறோம். அந்த மாடியில், இனிப்பாக உள்ளே இறங்கிச் சற்றுத் தாமதித்து நெஞ்சில் ஏறிய வெம்மையை உணர்ந்தபோது, அவை கண்டவர்கள் சொன்ன அளவான சொற்கள் என்று பட்டது. கடித்த இடத்தில் இல்லை விஷம். ஏறுகிற வழியில் இருக்கிறது.

கடல் கடந்த மது மதுரைக்குப் புதியதும் அன்று. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடும்போது, யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை நாள்தோறும் பருகி மகிழ்க என்று வாழ்த்துகிறார். வைகை கடலைத் தொடும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பாண்டியனுக்குப் பொற்கலம், எங்களுக்குக் காப்பிக்கடைக் கண்ணாடிக் குவளை.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது படியில் காலடி ஓசை கேட்டது. வறுத்த நிலக்கடலையோடு அம்மா வந்து நின்றார். குவளைகளை மறைக்க நேரமில்லை; மறைத்திருந்தாலும் மணத்தை மறைத்திருக்க முடியாது.

“என்னடா இது, கருப்பட்டி காச்சுற கொட்டாயி மாதிரி மணக்குது?”

அம்மா பிறந்த ஊர் சாயல்குடிப் பக்கம். நண்பர் பதில் சொல்லவில்லை. எங்களில் இன்னொருவர், சீமையிலிருந்து வந்தது அம்மா, பீர் மாதிரி, பாடத்துக்காக என்று ஏதோ உளறினார். அம்மா மகனின் குவளையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நெடுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

“உங்கப்பாகிட்ட இந்த வாசம் வந்ததே இல்லடா” என்றார். பிறகு குப்பியைப் பார்த்தார். “மூணு பேருக்கும் சேத்தா இம்புட்டு?”

“ஆமாம்மா.”

“அந்த மனுசனுக்கு இது ஒரு மடக்குக்குப் பத்தாது.”

கடலைத் தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனார். வள்ளுவர் சொன்ன அந்த முகத்தை அன்று நாங்கள் நேரில் பார்த்தோம். வாட்டம் இருந்தது. அதோடு வேறொன்றும் இருந்தது; பிறந்த வீட்டுக் கொட்டகையின் புகையை ஒரு கணம் கண்டுவிட்டு வந்த முகம் அது.

நண்பர் மிச்சத்தைக் குடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சிறிதளவு கள் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான் என்று அதியமானை நினைத்து ஔவை அழுததைச் சொல்லிவிட்டு, “அப்பா யாருக்கும் ஊத்திக் கொடுத்ததில்லை. தனியாத்தான் குடிப்பார்” என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பாவைப் பற்றி அவர் எங்களிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அவர் குடித்ததில் மணம் இல்லை, அளவு இல்லை, கூட்டு இல்லை. அதற்கும் நாங்கள் ‘குடி’ என்றே பெயர் வைத்திருக்கிறோம். நக்கீரர் பாடியதற்கும் அதே பெயர்.

இதை மதுவுக்கு ஆதரவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வள்ளுவரின் பத்துக் குறளில் ஒன்றைக்கூட நாங்கள் திருத்தத் தயாராக இல்லை. அந்த வீட்டைப் பார்த்தவர்களால் முடியாது. ஆனாலும் கண்மாய்க் கரைப் பனைகளைப் பார்க்கையில் ஒன்று உறுத்துகிறது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. அந்தப் பனையின் கள் என்ன ருசி என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஐயாயிரம் கல்லுக்கும் மேலான தொலைவிலிருந்து வந்த ஒரு குப்பியைக் கொண்டு சொந்த ஊர்ப் பாட்டுக்குப் பொருள் தேடுகிறோம்.

தேறல் என்னும் சொல் தெளிவது, தேறுவது என்ற பொருளிலிருந்து வந்தது. கலங்கிய நீரைத் தெளியவைப்பது தேற்றாங்கொட்டை. துயரத்தில் இருப்பவனுக்குச் சொல்வது தேறுதல். மறுவாரம் நண்பர் பெரும்பாணாற்றுப்படை வகுப்புக்கு ஒரு கிண்ணத்தில் முளைகட்டிய நெல்லை எடுத்துப் போனார். மாணவர்கள் ஆளுக்கு இரண்டு மென்று பார்த்து, இனிக்கிறது என்றார்களாம்.

குப்பியை அம்மா கழுவி, காகிதத்தை ஊறவைத்து உரித்துவிட்டு, தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்.